பத்து வயதில் ஒரு வெட்டுப்புள்ளி

பெரியப்பா சொன்ன ஒரு வசனம் கொஞ்ச நாளாக மனதில் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை அது. கலியாண வீடொன்றில் பந்திக்குக் காத்திருந்த நேரம், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் இந்த முறை எத்தனை பேருக்கு மூன்று ஏ, எத்தனை பேர் மருத்துவ பீடம், எத்தனை பேர் பொறியியல் என்று பழைய மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியப்பா கிராமத்துப் பாடசாலைகளிலேயே காலம் முழுக்கப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தெரிஞ்செடுத்த விதைநெல்லை விதைச்சுப்போட்டு மண்ணைப் புகழக் கூடாது, தம்பி." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழும்பிப் பந்திக்குப் போய்விட்டார்.

எனக்கு மறுமொழி சொல்ல எவ்வளவோ இருந்தது. நான் அந்த மண்ணில் வளர்ந்தவன். காலை மணி அடித்ததும் குமாரசாமி மண்டபத்தை நோக்கி வரிசையாக நடந்தவன். அங்கே ஒன்றுமில்லை, எல்லாம் வந்த பிள்ளைகளின் கெட்டித்தனம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஆனால் பெரியப்பா சொன்னது பிழை என்றும் சொல்ல வாய் வரவில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில், வடக்கின் தமிழ் ஆண்பிள்ளைகளுக்குள் வெட்டுப்புள்ளிக்கு மேலே நிற்கிறவர்களைத் தெரிந்தெடுத்து ஆறாம் வகுப்பில் சேர்க்கிற பள்ளிக்கூடம், எட்டு வருடம் கழித்து நல்ல பெறுபேறு காட்டினால், அதில் பள்ளிக்கூடத்தின் பங்கு என்ன? இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வண்ணார்பண்ணையில் திறந்த கதவு

இந்துக் கல்லூரி தொடங்கிய கதை படித்தவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் பரிசளிப்பு விழா மேடையில் அது சொல்லப்படுகிற விதத்தில் ஒரு முக்கியமான இடம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிக்க ஆசைப்பட்டவனுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு வழி கிடையாது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன், நகரத்தில் மெதடிஸ்தர், சுண்டுக்குளியில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன். ஆங்கிலம் தெரிந்தால் அரசாங்கக் கச்சேரியில் வேலை, கடல் கடந்தால் மலாயாவில் வேலை. பைபிள் பாடமும் மதமாற்ற வற்புறுத்தலும் அந்தப் படிப்போடு சேர்ந்தே வந்தன. ஆறுமுக நாவலரே நகரத்து மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர்தான். அவர் வெளியே வந்து 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1872 இல் சைவப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தையும் தொடங்கிப் பார்த்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1879 இல் அவரும் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வருகிற ஆள்தான் எனக்குப் பிடித்தவர். வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. பெயரைக் கேட்டாலே தெரியும், மிஷன் படிப்பு. வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர், தருக்கத்தைப் பற்றித் தமிழில் 'நியாய இலக்கணம்' என்று புத்தகம் எழுதியவர். அவர் 1887 இல் நகரத்தில் ஒரு உயர் பாடசாலையைத் தொடங்கினார். 1889 இல் அதை நாகலிங்கம் என்ற வழக்கறிஞர் பொறுப்பெடுத்தார். அடுத்த வருடம் சைவ பரிபாலன சபை அதை ஏற்று, வண்ணார்பண்ணைக்குக் கொண்டுவந்து, இந்து உயர் பாடசாலை ஆக்கியது. சபை தொடங்கியே அப்போது இரண்டு வருடம்தான். கையில் பெரிய பணமும் இல்லை. ஆனாலும் துணிந்தார்கள். சிதம்பரப்பிள்ளையின் மகன் நெவின்ஸ் செல்வத்துரை நீண்டகாலம் அதிபராக இருந்து அதைக் கல்லூரியாக வளர்த்தார். 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்தபோது வேதாந்தம் பற்றி இந்துக் கல்லூரியில்தான் பேசினார். பள்ளிக்கூடத்துக்கு அப்போது ஏழு வயது கூட நிறையவில்லை.

இந்தக் கதையை நாங்கள் சைவத்தின் வெற்றியாக மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். எனக்கு இப்போது அதில் தெரிவது வேறு. சமயத்தை விலையாகக் கொடுத்தால்தான் உள்ளே போகலாம் என்றிருந்த ஒரு படிப்பை, அந்த விலை இல்லாமல் தருவதற்குத்தான் இந்தப் பள்ளிக்கூடம் பிறந்தது. வெளியே நின்ற பிள்ளைகளை உள்ளே எடுக்க வந்தது. கெட்டிக்காரர்களைப் பொறுக்குவது யாருடைய நோக்கமாகவும் இருக்கவில்லை.

அந்தக் கதவும் எல்லாருக்கும் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். கட்டணம் இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சாதி இருந்தது. இது யாழ்ப்பாணம் முழுக்க இருந்த நோய். உதவி நன்கொடை பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக வாங்கில் இருத்த வேண்டும் என்று 1929 இல் அரசு சொன்னபோது எழுந்த எதிர்ப்பு, அடுத்த வருடம் பள்ளிக்கூடங்களைக் கொளுத்துகிற அளவுக்குப் போனது. பிள்ளை நிலத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்கே நெருப்பு வைத்தார்கள். இதை நினைக்கிற போதெல்லாம், ஒரு பரீட்சைத்தாளில் பெயர் இல்லாமல் சுட்டெண் மட்டும் இருப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று தோன்றும். புள்ளி சாதி கேட்பதில்லை. தகப்பன் பெயர் கேட்பதில்லை. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. அதே காலத்தில் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த மத்திய பாடசாலைகளுக்காகப் புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. வசதியில்லாத கிராமத்துப் பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கட்டும் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல மனதோடு செய்த காரியம். என்னைப் போன்ற ஒருவன் வண்ணார்பண்ணைக்குப் போனதும் அதால்தான்.

ஜாம் போத்தல் வெளிச்சம்

நான் ஆறாம் வகுப்புக்குப் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். 1990 ஜூனில் சண்டை மூண்டதிலிருந்து மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, ஒரு கம்பியில் மெல்லிய திரியைக் கொழுவி ஏற்றிவிட்டால் காற்றுக்கு அணையாது, எண்ணெயும் நெடுநேரம் நிற்கும். வெளிச்சம் ஒரு கொப்பியின் அரைப் பக்கத்துக்குத்தான் போதும். மற்ற அரைப் பக்கத்துக்குக் கொப்பியை நகர்த்த வேண்டும். பாடப்புத்தகம் எல்லாருக்கும் கிடையாது. ஒரு புத்தகம் மூன்று வீட்டுக்குப் போய்வரும். அச்சடித்த பழைய தாளின் பின்பக்கத்தில் கணக்குச் செய்வோம். காலையில் சைக்கிளில் இரண்டு பேர், சில நாளில் மூன்று பேர். விமானச் சத்தம் கேட்டால் வருவது சகடையா பொம்மரா என்று மேலே பார்த்துப் பிரித்தறியப் பத்து வயதிலேயே எங்களுக்குத் தெரியும். பதுங்கு குழி எங்கே என்பதும், யார் எந்தப் பக்கத்தால் ஓட வேண்டும் என்பதும் வகுப்பறை ஒழுங்கின் ஒரு பகுதி.

அதற்குள்ளும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவே நடந்தது என்பதுதான் இப்போது நினைக்க ஆச்சரியமாக இருக்கிறது. வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருக்க வேண்டும், சவர்க்காரத் தட்டுப்பாடு ஒரு சாட்டு அல்ல. வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனை தவறாது. வளவுக்குள் இருக்கிற வைரவரைக் கும்பிடாமல் பரீட்சைக்கு ஒருவரும் போக மாட்டார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் காசிப்பிள்ளை, நாகலிங்கம், பசுபதி, சபாபதி, செல்வத்துரை என்று ஐந்தாகப் பிரிந்து, நேற்றுவரை ஒரே சைக்கிளில் வந்தவனோடு பேசாமல் திரிவோம். ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வந்ததா, அவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. வந்தார்கள், படிப்பித்தார்கள். பாடவேளை முடிந்தும் நின்றார்கள். மண்ணைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் நான் அங்கே கற்றதில் பெரும்பங்கு யாரிடம் கற்றேன் என்று நேர்மையாக யோசித்தால், கண்ணுக்கு முன்னால் வருவது ஒரு பையன். தீவுப் பகுதியிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து, ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்தவன். வட்ட நாற்பக்கலில் எதிர்க்கோணங்கள் இரண்டையும் கூட்டினால் 180 பாகை என்று சேர் நிறுவிக் காட்டியிருந்தார். கரும்பலகையில் பார்த்தபோது விளங்கியது, வெளியே வந்ததும் போய்விட்டது. இடைவேளையில் அவன் என்னை மர நிழலுக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஒரு பழைய சைக்கிள் கம்பியால் மணலில் வட்டம் கீறினான். உள்ளே நாற்பக்கல். "நடுவில இருந்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ரெண்டு ஆரை கீறு. இப்ப நடுவில ரெண்டு கோணம். ரெண்டும் சேர்ந்தா எவ்வளவு? முந்நூற்றறுபது. விளிம்பில வாறது அதின்ர அரைவாசி. பிறகென்ன?" அவ்வளவுதான். 'பிறகென்ன' என்று அவன் கேட்ட விதத்தில் எனக்கு அன்றைக்கு வெட்கமும் வரவில்லை, தாழ்வும் வரவில்லை. அடுத்த முறை நானும் ஒருவனுக்கு அப்படிக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தது. காட்டியும் கொடுத்தேன். வகுப்பில் அப்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க எப்போதும் யாரோ இருந்தார்கள். ஒருவனுக்கு இரசாயனம், ஒருவனுக்குத் தமிழ் இலக்கணம், இன்னொருவனுக்கு ஆங்கிலம். சேர் சொன்னது காதில் விழுந்தது. பக்கத்து வாங்குக்காரன் சொன்னது மண்டையில் ஏறியது.

அதிபர் கேட்ட கேள்வி

சில வருடங்களுக்கு முன் ஒரே வருடத்தில் படித்த எங்கள் தொகுதிப் பொடியள் சேர்ந்து கொஞ்சம் பணம் சேர்த்தோம். கனடாவில் இருப்பவர்கள், லண்டனில் இருப்பவர்கள், இங்கே இருப்பவர்கள் எல்லாரும். ஊர்ப்பக்கச் சின்னப் பாடசாலைகளில் புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, கொப்பி, இயன்றால் சைக்கிள் என்று கொடுக்கத் திட்டம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரை உள்ள ஒரு பாடசாலைக்கு நான் போனேன். வாசலில் சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தோடு பதாகை. சின்ன நிகழ்வு, ஒரு பேச்சு, ஒரு படம். முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அதிபர், நாற்பத்தைந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ரீச்சர், மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. இந்தப் பிள்ளையள் இனி ரவுணுக்குப் போயிடுங்கள். போகட்டும், நல்லா வரட்டும். ஆனா அதுகள் போன பிறகு மிச்சப் பிள்ளையளுக்குப் பக்கத்தில இருந்து காட்டிக் குடுக்க ஆர் இருக்கினம்? எனக்கு ரீச்சர் இல்லையெண்டால் வலயக் கல்விக் கந்தோரில கேக்கலாம், எண்டைக்கோ ஒருநாள் தருவினம். பிள்ளையை ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

பிறகு அவர் ஒரு விசயம் சொன்னார். ஆறாம் வகுப்புத் தொடங்கிய முதல் வாரங்களில் ரீச்சர் கேள்வி கேட்டால், பிள்ளைகள் பழக்கதோசத்தில் திரும்பி ஒரு வாங்கைப் பார்ப்பார்களாம். நாலாம், ஐந்தாம் வகுப்பில் முதலில் கை உயர்த்துகிற பிள்ளை இருந்த வாங்கு. அங்கே இப்போது வேறு யாரோ இருப்பார்கள். பிறகு பிள்ளைகள் நிலத்தைப் பார்ப்பார்கள். ஒரு தவணை போனதும் கேள்வி கேட்டால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்றார்.

நான் அந்தத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தேனா என்று தெரியாது. பெரியப்பாவின் வசனத்துக்கு நான் தேடிக்கொண்டிருந்த மறுமொழி அங்கேதான் கிடைத்தது. ஆனால் நான் எதிர்பார்த்த மறுமொழியாக அது இருக்கவில்லை. இந்துக் கல்லூரி எனக்கு என்ன தந்தது? மணலில் வட்டம் கீறிக் காட்டியவனைத் தந்தது. அவனைப் போல நாற்பது பேரை ஒரே வகுப்பில் தந்தது. அந்த நாற்பது பேரும் ஒவ்வொருவராக நாற்பது வகுப்பறைகளில் இருந்து எடுக்கப்பட்டவர்கள். எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய செல்வம் எதுவோ, அதுதான் அந்த ரீச்சரின் வகுப்பிலிருந்து போன பொருள். பள்ளிக்கூடத்தைப் புகழ்வதா மாணவரைப் புகழ்வதா என்று நான் இதுவரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வியில், விட்டுப்போன பிள்ளைகளுக்கு இடமே இருக்கவில்லை.

புள்ளி எதை அளக்கிறது

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தார் நாங்கள் மறக்கக் கூடாத ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்த முதல் முறை, பேராதனை பொறியியலுக்குச் சிங்கள மொழி மூலம் 227 புள்ளி போதும், தமிழ் மொழி மூலம் 250 வேண்டும் என்றார்கள். அந்த 23 புள்ளி எத்தனை வீடுகளின் அமைதியைக் குலைத்தது, எங்கே கொண்டுபோய் விட்டது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அது மொழி பார்த்துச் செய்த அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் பிறகு மாவட்ட அடிப்படை வந்தபோது, மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வன்னியிலிருந்தும் பிள்ளைகள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகத் தொடங்கினார்கள். அப்போதும் யாழ்ப்பாணத்தில் பலர் 'திறமை ஒன்றுதான் அளவுகோல்' என்றார்கள். ஆய்வுகூடமே இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்தவனின் 200 புள்ளியும், எங்களுடைய 250 புள்ளியும் ஒரே தராசில் நிறுக்க வேண்டியவைதானா என்று யாழ்ப்பாணத்தில் மிகச் சிலரே கேட்டார்கள்.

பதினெட்டு வயதுக்கே அந்தக் கேள்வி பொருந்தும் என்றால், பத்து வயதுக்கு? நாலாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. விடிய ஒரு ரியூசன், பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு ரியூசன், இரவு மாதிரி வினாத்தாள். 200 புள்ளிக்கு நடக்கிற அந்தப் பரீட்சையில் பிள்ளையின் மூளை எவ்வளவு, பக்கத்தில் இருந்து தாள் திருத்தத் தாய்க்கு இருக்கிற நேரம் எவ்வளவு, ரியூசனுக்குக் கொடுக்க வீட்டில் இருக்கிற காசு எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? கூலி வேலைக்குப் போகிற தாயின் பிள்ளை மூன்று புள்ளியால் தவறினால், அந்த மூன்று புள்ளி யாருடையது? புள்ளி சாதி கேட்பதில்லை என்று மேலே எழுதினேன், அதை மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் செய்கிறது. தவறிய பிள்ளைக்கு நடப்பதுதான் எனக்கு இன்னும் பொறுக்க முடியாதது. பத்து வயதில், ஊர் அறிய, நீ அந்தப் பக்கம் இல்லை என்று ஒரு தீர்ப்பு.

அப்படியென்றால் ஆறாம் வகுப்பு அனுமதியிலிருந்து இந்தப் பரீட்சையைக் கழற்றிவிடலாமே என்று நண்பர்களிடம் கேட்டால், எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: கழற்றினால் அந்த இடத்துக்கு என்ன வரும்? சிபாரிசு வரும். நன்கொடை வரும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீட்டு முகவரி வரும். இது வெறும் பயம் அல்ல, உண்மை. பழைய காலம் எப்படி இருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். தீவிலிருந்து வந்து விறாந்தையில் இருந்த அவனுக்கு, புள்ளியைத் தவிர வேறு எதுவும் கைகொடுத்திருக்காது. ஆகவே நாளைக்கே பரீட்சையை நிறுத்து என்று நான் சொல்லப்போவதில்லை. சாதாரணதரம்வரை ஊர்ப் பாடசாலையிலேயே ஒழுங்காகப் படிக்க முடியும் என்ற நிலை வந்தால், தெரிவை பதினாறு வயதுக்குத் தள்ளலாம். உயர்தரத்துக்கு வேறு பாடசாலைகளிலிருந்து பிள்ளைகள் இப்போதும் இந்துக் கல்லூரிக்கு வருகிறார்கள், நன்றாகவும் படிக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று கொஞ்சமாவது தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் அம்மா அழுகிறாவா சிரிக்கிறாவா என்பதுதான்.

அந்த நிலை தானாக வராது. பழைய மாணவர்கள் நாங்கள் அனுப்புகிற காசு எங்கே போகிறது என்று பார்த்தால், மண்டபம், வளைவு, மைதானம், விழா. எல்லாம் எங்கள் பள்ளிக்கூட வளவுக்குள். தாய்ப் பாடசாலைக்குச் செய்வதில் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் 1890 இல் சைவ பரிபாலன சபையார் செய்த காரியத்தைப் பின்பற்ற வேண்டுமென்றால், இப்போது வெளியே நிற்பது யார் என்று பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரை கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இல்லாத பாடசாலைகள், சைக்கிளில் போய்வருகிற தூரத்திலேயே இருக்கின்றன. ஒரு தொண்டராசிரியருக்கு மாதக் கொடுப்பனவு கொடுக்க எங்கள் ஒரு தொகுதியால் முடியும். இதைச் சொன்னபோது எங்களுக்குள் பாதிப்பேர் உடனே சரி என்றார்கள், தொடங்கியும் விட்டோம்.

மற்றது ரீச்சர் கேட்ட கேள்வி, பிள்ளையை ஆரிடம் கேட்பது என்பது. அதற்கு என்னிடம் இருப்பது ஒரு யோசனை. இந்துக் கல்லூரியில் உயர்தரம் படிக்கிற பொடியள், கிழமையில் ஒருநாள் தங்கள் தங்கள் ஊர்ப் பாடசாலைக்குப் போய், ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து இரண்டு மணித்தியாலம் கணக்குச் செய்ய வேண்டும். படிப்பிக்கத் தேவையில்லை, பக்கத்தில் இருந்தால் போதும். இதைக் கேட்ட என் நண்பன் ஒருவன், உயர்தரம் படிக்கிற மகனை வைத்திருப்பவன், உடனே சொன்னான்: "சனி, ஞாயிறு காலமையில இருந்து பின்னேரம்வரை அவங்களுக்கு ரியூசன். எந்தத் தாய் தகப்பன் விடுவினம்?" அவன் சொன்னது சரி. ஆகவே பேச வேண்டியது பிள்ளைகளோடு அல்ல, பெற்றோரோடுதான். அடுத்த பழைய மாணவர் சங்கப் பொதுக்கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன், முதல் ஆளாக அவனுடைய மகனைத் தரச்சொல்லி.